ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு நாட்டுப் பிள்ளைகள்

திருக்கடலூரில் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை என்னருகில் வந்து இருந்தாள். தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து திரும்பி வந்தவள். அவளை விரும்பும் பையன் அங்கேயே இருக்கிறான், இந்தியன்.

"அக்கா, கலியாணம் கட்டினாப் பிறகு அவருக்கு இஞ்ச இருக்க விசா ஒண்டும் தேவையில்லைத்தானே?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். என் கதை அவர்களுக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1999 ஆம் ஆண்டு நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று அவளுக்குச் சொன்னதை எல்லாச் சகோதரிகளுக்குமாக எழுதித் தரும்படி இப்பத்திரிகையில் பணிபுரியும் தங்கை கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். நான் சட்டம் படித்தவள் அல்ல. பத்தரமுல்லைக்கு இரவு பஸ் ஏறி ஏறிப் படித்தவள்.

என் கணவர் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். மேசன் வேலை செய்பவர். நாங்கள் பேசும் அதே மொழியைத்தான் பேசுகிறார். வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகிறார். விடியற்காலையில் கரைவலை இழுக்குமிடத்தில் நின்று மீன் விலை பேசுகிறார். ஆனாலும் இலங்கைச் சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு வெளிநாட்டவர். தாலி கட்டியது எனக்கும் அவருக்கும் உள்ள உறவு. அவர் இந்த மண்ணில் எத்தனை நாள் தங்கலாம் என்பது அரசாங்கத்துக்கும் அவருக்கும் உள்ள விஷயம். இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணியதுதான் எமது முதல் பிழை.

1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் தொடங்கியபோது எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மடுவுக்குப் போய், அங்கிருந்து மன்னார்க் கரைக்குப் போய், இரவில் படகேறினார். இராமேஸ்வரம், மண்டபம், பிறகு திருவள்ளூர்ப் பக்கம் ஒரு முகாம். அந்தக் காலத்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் அப்படிக் கடல் கடந்தார்கள். வாசகிகள் பலருக்கு இது புதிய கதையல்ல என்பதால் நீட்டவில்லை.

முகாமுக்குப் பக்கத்து ஊர்க் கோயிலில்தான் எங்கள் கலியாணம் நடந்தது. ஐயர் வந்தார், மாலை மாற்றினோம், முகாம் முழுவதும் சாப்பிட்டது. பதிவு இல்லை. பதிய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் வந்ததே 2009 ஆம் ஆண்டில்தான். படம் பிடித்த ஒரு ரோல் பிலிமும் ஈரம் பட்டுப் போய்விட்டது. ஆகவே பன்னிரண்டு வருடம் நான் மனைவியாக வாழ்ந்தேன், ஆனால் எந்த மேசையிலும் மனைவி அல்ல.

மூத்தவன் 2001 ஆம் ஆண்டு பிறந்தான். இளையவள் 2006 இல் பிறந்தாள். அதே தாய், அதே தகப்பன், அதே ஆஸ்பத்திரி. இங்கேதான் சகோதரிகள் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும்.

மூத்தவன் பிறந்தபோது இலங்கைக் குடியுரிமைச் சட்டம் 1948 இல் எழுதப்பட்டபடியே இருந்தது. சட்டப்படி மணம் முடித்த பெண்ணின் பிள்ளைக்குக் குடியுரிமை தகப்பன் வழியாக மட்டுமே வரும். தகப்பன் வெளிநாட்டவர் என்றால் தாய் இலங்கைப் பெண்ணாக இருந்தும் பயனில்லை. இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கு அதே சட்டம் தாய் வழியாகக் குடியுரிமை தந்தது. அதாவது தாலி கட்டிக்கொண்ட குற்றத்துக்காகத்தான் எங்கள் உரிமை போனது. ஐம்பத்தைந்து வருடத்தின் பின் 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்து, தகப்பன் அல்லது தாய், இருவரில் எவர் இலங்கைப் பிரசையாக இருந்தாலும் போதும் என்று மாற்றியது. பெண்கள் அமைப்புகள் நீண்ட காலம் கேட்டுக் கிடைத்த மாற்றம் அது. முகாமில் இருந்த எங்களுக்கு அது வந்ததே தெரியாது.

ஆகவே 2006 இல் பிறந்த இளையவள் என் வழியாக இலங்கைப் பிள்ளையாகலாம். மூத்தவன் அப்படி நேராக ஆக முடியாது. அவனைப் போன்று முன்னர் பிறந்த பிள்ளைகளுக்குத் தனியாக விண்ணப்பம் செய்யவேண்டியிருந்தது.

இனி இந்தியப் பக்கத்துக்கு வருவோம். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1 ஆம் திகதிக்கு முன் பிறந்தவர் பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியப் பிரசை. அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 ஆம் திகதி முதல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது. ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் போன எங்களைச் சட்டம் அகதி என்று எழுதவில்லை. சட்டவிரோதக் குடியேறி என்றுதான் எழுதியிருக்கிறது.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். மூத்தவன் பிறந்தபோது இலங்கைச் சட்டம் தாயைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் தகப்பன் இந்தியர் என்பதால் அவன் இந்தியன். இளையவள் பிறந்தபோது இந்தியச் சட்டம் தாயைக் குற்றமுள்ளவளாகக் கணக்கில் எடுத்தது. தகப்பன் இந்தியராக இருந்தும் அவள் இந்தியப் பிள்ளை அல்ல. அண்ணனும் தங்கையும் ஒரே பாயில் படுத்து எழும்பினார்கள், வேறு வேறு நாட்டவராக. சரியாகச் சொன்னால் தங்கை எந்த நாட்டவளும் அல்லாமல் ஆறு வருடம் இருந்தாள்.

திகதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சம்பவம். மண்டபம் முகாமில் 1986 இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் போனார். 2022 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் பிறப்பாலேயே இந்தியப் பிரசை என்று தீர்ப்பளித்தது. 2024 பொதுத்தேர்தலில் அவர் வாக்கும் போட்டார். பிறந்தது இரண்டு வருடம் பிந்தியிருந்தால் அந்த வழக்கே நின்றிருக்காது.

2002 சமாதான காலத்தில் திரும்பி வர நினைத்தோம். இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று அம்மா தள்ளிப் போட்டார். 2006 இல் மாவிலாற்றில் சண்டை தொடங்கி, மூதூர் சனம் இடம்பெயர்ந்து ஓடிய படத்தை முகாமில் இருந்து ரீவியில் பார்த்தோம். இளையவள் அப்போது கைக்குழந்தை. கடைசியில் 2012 இல்தான் அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயத்தின் உதவியோடு நான், அம்மா, இளையவள் மூவரும் வந்தோம். என் கணவருக்கு அந்தப் பயணச்சீட்டு இல்லை. அவர் அகதி அல்லவே! மூத்தவன் தகப்பனோடும் அப்பம்மாவோடும் நின்றுவிட்டான், பள்ளிக்கூடம் குழம்பக்கூடாது என்று.

வருவதற்கு முன் செய்த ஒரே நல்ல காரியம், இளையவளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை இலங்கைப் பிரசையாவது தாய் இலங்கையர் என்பதால் மட்டும் அல்ல, அந்தப் பிறப்பைப் பதிந்தால்தான். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தவறினால் தகுந்த காரணம் காட்டி அனுமதி கேட்கவும் இடம் வைத்திருக்கிறது. எங்களிடம் பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், எனது இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், எங்கள் திருமணப் பதிவு எல்லாம் கேட்டார்கள். பிறப்புப் பத்திரத்தை இங்கிருந்த பெரியம்மா கச்சேரியில் எடுத்து அனுப்பினார். திருமணப் பதிவுக்கு எங்கே போவது? அதற்காகத்தான் 2011 இல் கோயில் ஐயரையும் ஊர்ப் பெரியவர் இருவரையும் கூட்டிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் போய், இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் பழைய கலியாணத்தைப் பதிந்தோம். மகளுக்கு ஐந்து வயது. "அம்மா, நீங்க இண்டைக்கா கலியாணம் கட்டுறீங்க?" என்று கேட்டாள்.

ஆகவே அந்தத் தங்கைக்கு நான் சொன்ன முதல் வார்த்தை: கோயிலில் கட்டு, தேவாலயத்தில் கட்டு, நிக்காஹ் செய், ஆனால் அந்த வாரமே பதி.

என் கணவர் அடுத்த வருடம் முப்பது நாள் சுற்றுலா அனுமதியில் வந்தார். வீட்டுக்குக் கூரை போட்டார், கிணறு இறைத்தார், மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். சுற்றுலா! நாள் முடியும் முன் ஒருவர் எங்களைத் தேடி வந்து, விசா அலுவலை வீட்டில் இருந்தபடியே முடித்துத் தருவதாகச் சொல்லி இருபத்தையாயிரம் ரூபாயும் கடவுச்சீட்டும் வாங்கிப் போனார். நாங்கள் நம்பிக் காத்திருந்தோம். கடவுச்சீட்டு திரும்பக் கைக்கு வந்தபோது அனுமதி முடிந்து பத்தொன்பது நாள் கடந்திருந்தது. விசா இல்லை, காசும் இல்லை. தண்டப் பணம் கட்டி அவர் திரும்பிப் போக வேண்டி வந்தது. விமான நிலையத்தில் மகள் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை.

இரண்டாவது முறை நேர்வழியில் போனோம். இலங்கைப் பிரசையின் வாழ்க்கைத் துணைக்கு வதிவிட விசா உண்டு. அதைக் கொடுப்பது பத்தரமுல்லை சுகுருபாயவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். முன்பு புஞ்சி பொரளையில் இருந்தது. விண்ணப்பம் அவருடையது என்றாலும் கோரிக்கைக் கடிதம் என்னுடையது. இவர் என் கணவர், இவர் இங்கே என்னோடு வாழ்கிறார் என்று நானே எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாழ்நாளில் அவருக்கு நான் பொறுப்பு நின்ற முதல் காகிதம் அது. எங்களுக்கு ஒரு வருடம் தந்தார்கள், பிறகு வருடாவருடம் புதுப்பித்து வருகிறோம். காலத்தையும் கட்டணத்தையும் அடிக்கடி மாற்றுகிறார்கள் என்பதால் இங்கே எழுதவில்லை. போகும் முன் திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். விசாவில் வேலை செய்யக்கூடாது என்று முத்திரை இருந்தால் அதையும் வாசியுங்கள். சம்பள வேலை செய்து பிடிபட்டால் போவது விசாவும்தான்.

இந்த வழியும் பெண்களுக்குச் சும்மா திறந்ததல்ல. ஒரு காலத்தில் இலங்கை ஆணின் வெளிநாட்டு மனைவிக்கு ஒரு விதி, இலங்கைப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவனுக்கு அதைவிடக் கடுமையான விதி. பெண் எங்கே கட்டினாலும் கணவன் நாட்டுக்குப் போக வேண்டியவள்தானே என்ற நினைப்பு. பால் காரணமாகப் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போன பின்னரே, 1999 இல் இருபாலாருக்கும் ஒரே வழிகாட்டல் என்று ஆனது. நான் தாலி கட்டிய அதே வருடம்.

குடியுரிமையே வாங்கிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். வாழ்க்கைத் துணை பதிவு மூலம் குடியுரிமை கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இலங்கையனான அன்றே அவர் இந்தியன் அல்லாமல் போவார். அங்கே எண்பது வயதில் அவருடைய தாய் இருக்கிறார். மாமிக்குக் கொள்ளி வைக்க விசா எடுத்துப் போகச் சொல்வதா? அந்தப் பேச்சை நாங்கள் விட்டுவிட்டோம்.

எங்கள் துறைமுகத்துக்குச் சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களைப் பார்த்திருப்பீர்கள். உலகத்துக் கப்பல்களில் வேலை செய்யும் மாலுமிகளில் பிலிப்பைன்ஸ் நாட்டவர் மிக அதிகம். அவர்களுடைய பெண்களும் எங்கள் பெண்களைப் போலவே வீட்டு வேலைக்கும் தாதி வேலைக்கும் கடல் கடக்கிறவர்கள், போன இடத்தில் மணம் முடிக்கிறவர்கள். அந்த நாடு 1989 இல் ஒரு சட்டம் போட்டு, 2002 இல் அதைத் திருத்தியது. ஊர் திரும்பும் பிலிப்பைன்ஸ் பெண்ணோடு கூடவே வந்து இறங்கும் வெளிநாட்டுக் கணவனும் பிள்ளைகளும் விசா இல்லாமல் ஒரு வருடம் தங்கலாம். எல்லா நாட்டவருக்கும் இல்லை, மனைவி கூட வராமல் தனியே வந்தாலும் இல்லை. நிரந்தரமாக இருக்க விரும்பினால் வேறு விசா, முதல் ஒரு வருடம் பரீட்சார்த்தமாக. கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள், உழைத்து அனுப்பும் பிள்ளைகள் ஊரை மறக்கக்கூடாது என்று. எமது பெண்கள் அனுப்பும் காசும் இந்த நாட்டைத் தாங்கத்தான் செய்கிறது. என் கணவர் வந்து இறங்கியபோது அப்படி ஒரு வருடம் கிடைத்திருந்தால் அந்த இருபத்தையாயிரமும் மகளின் அழுகையும் மிஞ்சியிருக்கும்.

கணவன் வழி வந்தவர்களையும் மறந்துவிடக்கூடாது. முகாமில் கட்டிய இந்தியப் பெண்களை அழைத்துக்கொண்டு திரும்பிய எமது ஆண்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் விசாவுக்குக் கையெழுத்திடுவது கணவன். கோபம் வந்தால் "உன்ர விசாவைப் புதுப்பிக்க மாட்டன்" என்று சொல்கிற வீடுகளை நான் அறிவேன். அப்பெண்களுக்குச் சொல்கிறேன். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்பவர் இலங்கைப் பிரசையாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. உங்கள் கடவுச்சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

கனடா, லண்டன் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்போரும் இதில் அடக்கம். கோணேசர் கோயில் படியில் ஓடி விளையாடி வளர்ந்த பையனாக இருந்தாலும், வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமை பெறாதிருந்தால் சட்டப்படி அவன் வெளிநாட்டவனே. 2021 அக்டோபரில் பதிவாளர் நாயகத்திடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டவரை மணப்பதாயின் 2022 தை முதலாம் திகதி முதல் பாதுகாப்பு அமைச்சின் தடையகற்றல் அறிக்கை வேண்டும் என்றது. மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அடித்த வீடுகள் எல்லாம் திகைத்து நின்றன. இப்படியானவை திடீரென வரும், மாறும். நாள் வைக்கும் முன் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் அன்றைய விதியைக் கேட்டுவிட்டு, பிறகு சாத்திரியிடம் போங்கள்.

மணம் முடித்ததால் மட்டும் உங்கள் இலங்கைக் குடியுரிமை போகாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வேறு நாட்டுக் குடியுரிமையை நீங்களே எடுத்தால்தான் போகும்.

2021 இல் கட்டைபறிச்சான் பக்கத்திலிருந்து ஒரு தங்கை மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். மகள் தமிழ்நாட்டில் பிறந்தவள், தகப்பன் இந்தியர், குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, குடியுரிமைச் சான்றிதழ் வேண்டும் என்றுவிட்டார்கள். அவளுடைய பிறப்பு எங்கும் பதியப்படவே இல்லை. பத்து வருடமாகத் தம்பலகாமம் வீதியில் சைக்கிள் ஓடி, இங்கத்தைய பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை. "அப்ப நான் ஆர் அன்ரி?" என்று கேட்டது. அதிபர் உறுதிப்படுத்திய படத்தோடு பரீட்சை எழுதினாள். பிறகு நாங்கள் மூவரும் பத்தரமுல்லை போய், ஏன் பிந்தியது என்று விளக்கி எழுதிக் கொடுத்தோம். யுத்தம், முகாம், தகப்பன் போனது, எல்லாம் ஒரு பக்கத்தில். மூன்று முறை போக வேண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு கடதாசி குறைந்தது. 2023 இல் சான்றிதழ் கையில் கிடைத்தது. அதன்பிறகு அடையாள அட்டை எடுப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை.

இன்னும் முகாமில் இருக்கும் உறவுகளுக்கு இதைச் சொல்லுங்கள். 2025 செப்டெம்பரில் இந்திய அரசு ஒரு கட்டளை போட்டது. 2015 தை 9 ஆம் திகதி வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா இல்லாமல் இருந்த குற்றத்துக்குத் தண்டிப்பதில்லை என்கிறது அது. நல்லது. ஆனால் அது குடியுரிமை அல்ல, அங்கே பிறந்த பிள்ளையின் பிறப்பைத் துணைத் தூதரகத்தில் பதியும் வேலையை அது குறைக்கவும் இல்லை. அந்த வேலைக்கு உதவ ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்றவை அங்கே உள்ளன.

மூத்தவனுக்கு இப்போது இருபத்துநான்கு வயது. சென்னையில் வேலை. இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்லிப் பல முறை கேட்டேன், "பாப்போம்மா" என்பான். சென்ற முறை நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்தான். 1990 இல் அவனுடைய அம்மம்மா இரவில் ஒளித்துக் கடந்த அந்தக் கடலை அவன் பகலில் டிக்கெட் எடுத்துக் கடந்தான். அனுமதியில் வருகையின் நோக்கம் சுற்றுலா என்று இருந்தது. முப்பது நாள்.

அவனுடைய தங்கை அப்பம்மாவைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் இந்திய விசா எடுக்கிறாள், தகப்பன் பிறந்த ஊருக்கு. இந்தியப் பிரசையின் பிள்ளைக்கும், திருமணம் பதிந்து இரண்டு வருடம் நிறைந்த வெளிநாட்டு மனைவிக்கும் ஓ.சி.ஐ. என்ற அட்டைக்கு விண்ணப்பிக்க இந்தியச் சட்டத்தில் இடம் உண்டு, அதிருந்தால் ஒவ்வொரு முறையும் விசா தேவையில்லை என்று அவள்தான் தேடிப் பிடித்தாள். அதற்கும் முதலில் கேட்பது 2011 இல் பதிந்த அந்தத் திருமணப் பத்திரத்தையே. மாசி மாதம் அவருடைய விசா முடிகிறது. நாட்காட்டியில் தை 10 ஆம் திகதியைச் சிவப்பு மையால் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரே பயணத்தில் பத்தரமுல்லையில் விசாவையும் கொழும்பில் ஓ.சி.ஐ. விண்ணப்பத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்பது மகளின் திட்டம்.